நாலரை மணிச் சங்கு

நடுவர் பயிற்சி வகுப்பு முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டார்: "சார், நீங்க ஊதுனதிலேயே கஷ்டமான விசில் எது?" வாயில் பஜ்ஜி இருந்ததால் "அது நெறைய இருக்கும்மா" என்று மழுப்பிவிட்டேன். பஸ் ஏறி வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்விதான் கூடவே வந்தது. யோசித்துப் பார்த்தால், என்னை ரொம்பப் படுத்தியது நான் ஊதாமல் விட்ட ஒரு விசில். அதைப் பேச்சில் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன் என்பதால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டராக வேலை பார்த்தவன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் தொங்கியே என் சர்வீஸ் முடிந்தது. மில் டீமில் கூடைப்பந்து ஆடி, முட்டி போன பிறகு விசிலைக் கையில் எடுத்தேன். ராஜபாளையத்தில் மேட்ச் என்றால் என்னை "வில்லிபுத்தூர்க்காரன்" என்று திட்டுவார்கள். வில்லிபுத்தூரில் நடந்தால் "மில்லுக்காரன்" என்று திட்டுவார்கள். ஒரு நடுவருக்கு இதைவிட நல்ல விலாசம் கிடையாது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவர் ஒரு பள்ளிக்கூட பி.டி. வாத்தியார். பெயர் வேண்டாம். இருந்திருந்தால் "எம் பேர எதுக்குலே இழுக்க?" என்றுதான் கேட்பார். நாள் முழுக்க வெற்றிலை மெல்லுகிற மனிதர், விசில் ஊத வேண்டும் என்பதால் மேட்ச் அன்றைக்கு மட்டும் போடமாட்டார். அந்தக் கடுப்பு முழுவதும் ஆட்டக்காரர்கள் தலையில் இறங்கும்.

ஒரு தடவை வ. புதுப்பட்டியில் ஊர்ப் பொங்கலுக்கு ஒரு காட்சிப் போட்டி வைத்திருந்தார்கள். அந்த ஊரில் அதற்கு முன்னால் கூடைப்பந்தைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. கூட்டம் சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒட்டி உட்கார்ந்துவிட்டது. ஒரு பெரியவர் சௌகரியமாகக் காலை நீட்டியிருந்தார். ஆள் கோட்டுக்கு வெளியே, கால் கோட்டுக்கு உள்ளே. பந்தோடு ஓடிவந்த பையன் அந்தக் காலை மிதித்துவிட்டான். இது அவுட்டா இல்லையா என்று இரண்டு டீமும் மல்லுக்கு நின்றன. எனக்கு ரூல் புக்கின் எந்தப் பக்கமும் ஞாபகம் வரவில்லை. வாத்தியார் விசிலை எடுத்தார், "பந்து அவுட்டு" என்றார், நேராகப் பெரியவரிடம் போனார். "அய்யா, கால மடக்கிக்கிடுங்க. இல்லன்னா டீம்ல பேரக் குடுத்துட்டு ஆடுங்க" என்றார். கூட்டமே சிரித்தது. பெரியவரும் சிரித்துவிட்டுக் காலை மடக்கினார். சண்டைக்கு நின்ற இரண்டு டீமும் சிரித்த முகத்தோடு திரும்பிப் போயின.

தீர்ப்பு சரியா தப்பா என்று இன்றைக்கும் நீங்கள் விவாதிக்கலாம். ஆனால் தயங்காமல் சொன்னார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார், சொன்ன பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் எனக்குச் சொன்ன புத்திமதிகளில் ஒன்றே ஒன்றுதான் தொழில் நுணுக்கம் என்று சொல்லத் தகுந்தது. நான் புதிதில் மூச்சை இழுத்து, இரண்டு கன்னமும் உப்ப, விசிலைக் கடித்துக்கொண்டே ஓடுவேன். எப்போது எது நடந்தாலும் ஊதத் தயாராக இருக்க வேண்டும் என்கிற ஆர்வம். ஒருநாள் மேட்ச் முடிந்ததும் என் கன்னத்தில் விரலால் சுண்டினார்.

"கன்னத்துல காத்த அடைச்சுக்கிட்டு ஓடாதலே. அடைச்ச காத்து வெளிய வந்துதான் தீரும். ஒண்ணும் நடக்கலன்னாலும் ஊதிருவ. பாரு, பொறவு மூச்ச இழு, அதுக்குப் பொறவு ஊது. அம்புட்டு நேரம் இருக்கு."

அவ்வளவு நேரம் இருக்கிறதா என்று எனக்கு அப்போது சந்தேகம்தான். நின்றவன் மேல் வந்தவன் மோதினானா, வந்தவனுக்கு முன்னால் நின்றவன் போய் விழுந்தானா என்று கண் மூடித் திறப்பதற்குள் சொல்ல வேண்டிய தொழில் இது. பஸ்ஸும் லாரியும் மோதிக்கொண்டால் ரோட்டில் கூடுகிறவன் எல்லாம் ஜட்ஜ் ஆவதைப் போல, கேலரியில் இருக்கிற அத்தனை பேரும் நமக்கு முன்னால் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். ஆனாலும் அந்தக் காலிக் கன்னம் என்னை ஒருநாள் காப்பாற்றியது.

இனி அந்த மேட்ச்.

எண்பதுகளின் கடைசி. தை மாதம். ராஜபாளையத்தில் ஒரு மில் தன் காலனி கிரவுண்டில் டோர்னமென்ட் நடத்தியது. நான் வேலை பார்த்த மில் இல்லை, வேறு மில். இறுதிப் போட்டியில் அந்த மில் டீமும் ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் டீமும் மோதின. நானும், சாத்தூர்ப் பக்கத்துப் பி.டி. வாத்தியார் ஒருவரும் நடுவர்கள். மெயின் ரெப்ரி நான்.

மில் டீமில் காளிராஜ் என்று ஒரு பையன். சுந்தரபாண்டியத்து விவசாயக் குடும்பம். மற்ற நாலு பேரும் மில்லில் பெர்மனன்ட். இவன் மட்டும் பதிலி. பதிலி என்றால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் மில் கேட்டில் போய் நிற்க வேண்டும். சங்கு ஊதும். மேஸ்திரி வெளியே வருவார். எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு வரவில்லையோ அத்தனை பேரைக் கூட்டத்திலிருந்து பொறுக்கி உள்ளே விடுவார். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். சங்கு ஊதும்போது கேட்டில் இல்லாதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. நான் ஐ.டி.ஐ. முடித்து நேராகப் பிட்டராகச் சேர்ந்தவன், கேட்டில் ஒருநாளும் நின்றதில்லை.

காளிராஜ் சுந்தரபாண்டியத்திலிருந்து சைக்கிளில் வில்லிபுத்தூர் வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சைக்கிள் கடையில் வண்டியைப் போட்டுவிட்டு, ராஜபாளையத்துக்கு பஸ் ஏறுவான். அந்தக் கடை சிக்கந்தருடைய அண்ணன் கடை. சிக்கந்தர் வில்லிபுத்தூர் டீமின் நம்பிக்கை நட்சத்திரம். கடையில் பஞ்சர் ஒட்டுகிற கையால் எங்கிருந்து வேண்டுமானாலும் கூடையில் போடுவான். இரண்டு பேரும் சிநேகிதர்கள். காலையில் டீ ஒன்றாகக் குடிப்பார்கள், சாயங்காலம் எதிரெதிர் டீமில் ஆடுவார்கள்.

இறுதிப் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் பஸ்ஸில் காளிராஜ் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, கப்பு வாங்கிக் குடுத்தா என்னயப் பெர்மனன்ட் பண்ணுதேன்னு மேனேஜர் சொல்லிட்டாக. எல்லார் முன்னாலயும் சொன்னாக."

"நல்ல விசயம்தானலே."

"கான்சாபுரத்துல பொண்ணு பேசியிருக்கோம். பெர்மனன்ட்டுன்னா தை முடியுமுன்ன தேதி வைக்கோம், இல்லன்னா வேற எடம் பாத்துக்கிடுங்கன்னு பொண்ணோட அப்பா சொல்லிட்டாரு. நீங்கதான ரெப்ரி?"

"நான்தான். அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

அவன் உண்மையிலேயே சும்மாதான் சொன்னான். மனசு நிறைந்தால் பக்கத்தில் நிற்கிறவனிடம் சொல்லிவிடுகிற ஜாதி. ஆனால் தம்பி தங்கைகளே, ஆட்டக்காரன் வீட்டு விசயம் நடுவர் காதில் விழவே கூடாது. விழுந்துவிட்டால் அதைக் காதிலிருந்து எடுக்க ஒரு வழியும் கிடையாது.

மேட்ச் இரண்டரை மணிக்கு ஆரம்பித்திருக்க வேண்டும். சிறப்பு விருந்தினர் பேசினார். அவரை அறிமுகப்படுத்தியவர் அவரைவிட அதிகம் பேசினார். நன்றியுரையையும் முதலிலேயே முடித்துவிட்டார்கள். பந்தைத் தூக்கிப் போடும்போது மூன்றே கால் தாண்டிவிட்டது. இந்தத் தாமதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அன்றைக்கு எலக்ட்ரானிக் கடிகாரம் ஏது? மேசையில் ஒரு ஸ்டாப் வாட்ச், பக்கத்தில் கம்பியில் தொங்குகிற தண்டவாளத் துண்டு, அதை அடிக்க ஒரு ஸ்பானர். நேரம் முடிந்தால் 'ணங்' என்று ஒரு அடி. அந்த வேலையைப் பார்த்தவர் அதே மில்லின் டைம் ஆபீஸ் கிளார்க். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், சாதுவான மனிதர்.

ஆட்டத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. கடைசி நிமிடத்துக்கு வருகிறேன். மில் டீம் ஒரு பாயின்ட் முன்னால். பந்து சிக்கந்தர் கையில். அவனுக்கு எதிரே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரித்துக்கொண்டு காளிராஜ். அந்த நாளில் அவனைத் தாண்டி யாரும் ஒரு கூடைகூடச் சுலபமாகப் போடவில்லை. சிக்கந்தர் இடது பக்கம் போனான், இவனும் போனான். வலது பக்கம் வந்தான், இவனும் வந்தான். கூட்டம் கத்துகிற கத்தலில் என் விசில் எனக்கே கேட்காது.

அப்போது மில் சங்கு ஊதியது. நாலரை மணி ஷிப்ட் சங்கு.

கிரவுண்டுக்கு அடுத்த சுவர்தான் மில். அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கும். காளிராஜ் கையைக் கீழே போட்டான். போட்டதோடு நிற்கவில்லை, உடம்பைத் திருப்பி, கிரவுண்டின் வாசல் பக்கமாக ஒரு எட்டு வைத்தான். தன் ஆட்களைக் கட்டிப்பிடிக்கத்தான் ஓடுகிறான் என்று நினைத்தேன். ஆனால் அவன் ஆட்கள் அந்தப் பக்கம் இல்லை. அவர்கள் நாலு பேரும் குனிந்த முதுகு நிமிராமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். வில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சங்கு ஒரு பொருட்டே இல்லை. சிக்கந்தர் எதிரே திறந்து கிடந்த இடத்தைப் பார்த்தான், எம்பினான், விட்டான். பந்து வலையில் இறங்கியது. சங்கு ஓய்ந்தது. பிறகு 'ணங்'.

நானும் மில்லுக்காரன்தான். சங்கு கேட்டதும் என் உதடும் விசிலைத் தேடிப் போனது. கன்னத்தில் காற்று இருந்திருந்தால் ஊதியிருப்பேன். ஊதியிருந்தால் ஆட்டம் அந்த இடத்தில் நின்றிருக்கும், கூடை செல்லாது, காளிராஜ் தோற்றிருக்கமாட்டான். கன்னம் காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம். செருப்பு பறந்தது. "டைம் முடிஞ்சு போச்சு!" என்று ஒரு பக்கம், "கூடை, கூடை!" என்று ஒரு பக்கம். பரிசு மேசையிலிருந்து மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். நான் யாரையும் பார்க்காமல் டைம் கிளார்க்கிடம் போனேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: சங்குச் சத்தத்துக்கு அடியில் அவர் ஸ்பானரால் அடித்து, அது எங்களுக்குக் கேட்காமல் போயிற்றா?

"சங்கு ஊதும்போது மணி அடிச்சீங்களா?"

அவர் முதுகுக்குப் பின்னால் அவருடைய மேனேஜர். கிளார்க்கின் கழுத்தில் வேர்வை ஓடுவது தெரிந்தது.

"லேது சார், லேது" என்றார். பதறினால் அவருக்குத் தெலுங்குதான் வரும். பிறகு தமிழுக்கு வந்தார். "அடிக்கல சார். வாட்ச்ல நேரம் இருந்துச்சு. பந்து வலையில எறங்குன பொறவுதான் அடிச்சேன்."

அந்த மனிதருக்கு அன்றைக்கே மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். ஒரு 'ஆமா' சொல்லியிருந்தால் அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

உடன் நடுவர் என்னைத் தனியே இழுத்தார். "சார், விதியில சொல்லாத விசயத்துக்கு ரெப்ரி முடிவெடுக்கலாம்னு விதியே சொல்லுது. சங்கு ஊதும்னு எவன் எழுதி வச்சான்? கூடைய ரத்து பண்ணிட்டு மிச்ச செகண்ட மறுபடி ஆடச் சொல்லுவோம். யாருக்கும் பொல்லாப்பு இல்ல."

நல்ல யோசனைதான். பாம்பும் சாகாது, கம்பும் உடையாது. எனக்கு ஆசையாகவும் இருந்தது, மறைக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் காளிராஜ். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். கான்சாபுரத்துப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது, ஆனாலும் அவளும் அங்கே நிற்கிற மாதிரி இருந்தது. விதி கொடுத்த அதிகாரத்தை எடுத்து அவனுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தால் என்ன?

அப்போதுதான் என்னை நானே ஒன்று கேட்டுக்கொண்டேன். சங்குக்குக் கையைப் போட்டவன் சிக்கந்தராக இருந்து, மில் டீம் கூடை போட்டிருந்தால் மறுபடி ஆடச் சொல்லுவேனா? சொல்லமாட்டேன். "சங்குக்கும் மேட்சுக்கும் என்னப்பா சம்பந்தம்? மணி அடிச்சாத்தான் முடிவு" என்று விரட்டியிருப்பேன். பத்துப் பேரில் ஒன்பது பேர் சங்கைக் கேட்டும் ஆடினார்கள். ஒருவனுடைய கஷ்டம் எனக்குத் தெரியும் என்பதற்காக அந்த ஒன்பது பேரையும் மறுபடி ஆடச் சொல்வது அதிகாரம் இல்லை, ஓரவஞ்சனை. நடுவருக்கு இரக்கம் இருக்கலாம். அதை விசில் வழியாக வெளியே விடக்கூடாது.

இரண்டு விரலைத் தூக்கிக் கீழே வெட்டிக் காட்டினேன். கூடை செல்லும். வில்லிபுத்தூர் ஒரு பாயின்ட்டில் ஜெயித்தது.

"வில்லிபுத்தூர்க்காரன் புத்தியக் காட்டிட்டாம் பாரு!" என்று யாரோ கத்தினார்கள். மேனேஜர் கப்பை சிக்கந்தரிடம் கொடுத்தபோது அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காளிராஜையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

வீட்டுக்குப் போக எனக்கும் அதே பஸ்தான். ஏறினால் பின் சீட்டில் சிக்கந்தர், மடியில் கப். பக்கத்தில் காளிராஜ். அவன் சைக்கிள் சிக்கந்தர் கடையில்தானே இருக்கிறது, வேறு எப்படிப் போவான்? இறங்கிவிடலாமா என்று பார்த்தேன், டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றேன். கண்டக்டர் வந்தார். பின்னாலிருந்து சிக்கந்தர் குரல் கொடுத்தான்.

"ரெப்ரிக்கும் சேத்து மூணு டிக்கெட்டு குடுங்க."

"வேண்டாம்பா. ஜெயிச்ச டீம்கிட்ட நான் டிக்கெட் வாங்கக் கூடாது. நாளைக்கு ஊரு வேற மாதிரி பேசும்" என்றேன்.

பிறகு காளிராஜ் எழுந்து முன்னால் வந்தான். அழுது முடித்த கண். சட்டைப்பையில் கையை விட்டான்.

"அப்ப நான் எடுக்கேன் அண்ணாச்சி. தோத்தவன்ட்ட வாங்கலாம்ல?"

இதற்கு ரூல் புக்கில் பதில் இல்லை. வாங்கிக்கொண்டேன். எந்த இடம் என்று இப்போது ஞாபகம் இல்லை. வயல்காட்டு நடுவில் எங்கேயோ போகும்போது அடக்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏலே, மத்த நாலு பேரும் ஆடிக்கிட்டுத்தான இருந்தானுக. நீ மட்டும் ஏம்லே கையப் போட்ட?"

"அவிய நாலு பேரும் பெர்மனன்ட்டுல்லா" என்றான். "சங்கு ஊதுனா அவியளுக்கு என்ன? டீயக் குடிச்சிட்டு மெல்லப் போனாலும் வேல அங்கனயே இருக்கும். பதிலிக்காரனுக்கு அப்படியா? சங்கு கேட்டா நான் கேட்டுல நிக்கணும். நாலு வருசமா காலு அப்படியே பழகிப்போச்சு அண்ணாச்சி. மேட்ச் முடிஞ்சதுன்னு நான் நெனைக்கவே இல்ல. மேஸ்திரி வந்துட்டாருன்னு நெனச்சுட்டேன்."

கிரவுண்டின் வாசல் பக்கம் அவன் வைத்த அந்த ஒரு எட்டு எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெர்மனன்ட் ஆக வேண்டும் என்று ஆடினவன், பெர்மனன்ட் ஆகாததாலேயே தோற்றான். பின் சீட்டில் சிக்கந்தர் தன் துண்டை எடுத்துக் கப்பை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். அவன் காதிலும் விழுந்திருக்கிறது.

அவன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அந்த மில்லில் அவன் பெர்மனன்ட் ஆகவே இல்லை. கான்சாபுரத்துக்காரர் ஒரு வருடம் இழுத்தடித்தார். ஆனால் பெண் வேறு மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டாள். கல்யாணத்துக்கு நானும் சிக்கந்தரும் ஒன்றாகத்தான் போனோம். தொண்ணூறுகளில் காளிராஜ் வேறொரு மில்லுக்குப் போய் நிரந்தரமானான். என் முடிவு சரி என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன், மறுபடி அந்த நிமிடம் வந்தாலும் அதே இரண்டு விரலைத்தான் தூக்குவேன். சரியான முடிவு என்பதால் வலிக்காமல் இருந்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அந்த மேட்சுக்கு மறுநாள் நான் வேறு ஒரு ஜோலியாக அந்த மில் பக்கம் நடந்து போனேன். சாயங்காலம். கேட்டில் பதிலிக்காரர்கள் கூட்டம். முன் வரிசையில் காளிராஜ், முந்தின நாள் ஆடிய அதே பனியனோடு. என்னை அவன் பார்க்கவில்லை. நாலரை மணிச் சங்கு ஊதியது. மேஸ்திரி வெளியே வந்தார். காளிராஜ், சிக்கந்தரை மறித்து நின்றானே அதே மாதிரி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினான். மேஸ்திரி அவன் பெயரைக் கூப்பிடுகிற வரைக்கும் கீழே இறக்கவே இல்லை.